மூன்றாவது துள்ளல்

சத்துவாச்சாரி, வேலூர்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது? இங்கே வெயில் வறுத்தெடுக்கிறது, பாலாற்றில் வழக்கம்போல மணல்தான். நான் பதில் எழுதாததற்குக் காரணம் வேறு. சின்னவள் தனியாக ஓட்டிய பயிற்சி விமானம் தரையிறங்கும்போது விபத்துக்குள்ளானது. பயப்படாதே, அவளுக்கு ஒரு கீறல்கூட இல்லை.

"அப்பா, நான் நல்லா இருக்கேன், முதல்ல அதைக் கேட்டுக்கோ" என்றுதான் போனில் ஆரம்பித்தாள். அதைக் கேட்டதுமே எனக்குக் கை நடுங்க ஆரம்பித்துவிட்டது. அவள் அம்மா அப்போதே ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குக் கிளம்பிவிட்டாள்.

போன வாரம் வீட்டுக்கு வந்தாள். அம்மா செய்த முள்ளுக்கத்தரிக்காய்க் குழம்பைச் சாப்பிட்டு முடித்ததும், அந்த மேசையிலேயே உள்ளங்கையை விமானமாக்கிக் காட்டினாள். மணிக்கட்டுப் பக்கம் முதலில் மேசையைத் தொட வேண்டும், விரல்கள் கடைசியில். அதாவது இறக்கைக்கு அடியில் உள்ள இரண்டு பெரிய சக்கரங்கள் முதலில், மூக்குச் சக்கரம் அப்புறம். அது செஸ்னா 152, இரண்டே பேர் உட்காரும் விமானம். 60 நாட் வேகத்தில், நம் கணக்கில் மணிக்கு 110 கிலோமீட்டர், வர வேண்டியவள் 70ல் வந்திருக்கிறாள். வேகம் கூடினால் விமானம் தரையைத் தொடாமல் மிதந்துகொண்டே போகுமாம். ஓடுதளம் தீர்ந்துவிடுமோ என்ற பதற்றத்தில் அவசரமாக இறக்கியிருக்கிறாள். டயர் பட்டு எகிறிவிட்டது.

அந்த இடத்தில் த்ராட்டிலை, அதாவது எஞ்சின் விசையை, முழுக்கக் கொடுத்து, மேலே போய் இன்னொரு சுற்று வந்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. ஆனால் எகிறும்போது யாருக்கும் கை, மூக்கை ஏற்றி இறக்கும் பிடியை முன்னால்தான் தள்ளும், கீழே அமுக்கிவிடலாம் என்று. இவளும் தள்ளினாள். மூக்குச் சக்கரம் முதலில் மோதியது. இன்னும் உயரமாக எகிறி, மூன்றாவது முறை விழுந்தபோது அந்தக் கால் மடங்கிவிட்டது. ப்ரொப்பெல்லர் ஓடுதளத்தை உரசியிருக்கிறது. போட்டோவைக் காட்டினாள்; அதன் நுனி இரண்டும் வதங்கிய வாழையிலைபோலப் பின்னால் சுருண்டிருந்தன. ப்ரொப்பெல்லர் தரையில் பட்டால் எஞ்சினையே பிரித்துப் பார்க்க வேண்டுமாம், வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே தண்டில் விரிசல் இருக்கலாம் என்று.

விமானம் நின்றதும் எரிபொருளை மூடி, மாஸ்டர் சுவிட்சை அணைத்துவிட்டுத் தானே இறங்கி ஓடி வந்திருக்கிறாள். இன்ஸ்ட்ரக்டர் திட்டவில்லையாம். "கை எந்தப் பக்கம் போச்சு?" என்று மட்டும் கேட்டாராம். "முன்னால தள்ளிட்டேன் சார்" என்று இவள் உடனே ஒத்துக்கொண்டிருக்கிறாள். அந்த ஒரு பதிலுக்காகவே நான் அவளைத் திரும்ப அனுப்பச் சம்மதித்தேன். காற்று அடித்தது, விமானம் பழசு என்று எதையாவது சொல்லியிருந்தால் யோசித்திருப்பேன்.

சொந்தக்காரர்கள் வந்து, பொம்பளைப் பிள்ளைக்கு இதெல்லாம் தேவையா என்றார்கள். எனக்கு ரொம்ப வலித்தது. விமான விபத்து விசாரணை அறிக்கைகளின் முதல் பக்கத்திலேயே, யார் மேல் பழி என்று காண்பது இதன் நோக்கமல்ல, மறுபடி நடக்காமல் தடுப்பதுதான் நோக்கம் என்று போட்டிருப்பார்கள். அத்தனை பெரிய விஷயத்துக்கே அப்படி என்றால், வீட்டுக்குள் வைத்து ஒரு பிள்ளையைக் குத்திக்காட்டலாமா?

நாம் சைக்கிள் மிதித்துப் போவோமே, அப்துல்லாபுரம் ஓடுதளம், அங்கே இவளை ஏழு வயதில் ஸ்கூட்டரில் கூட்டிப்போனேன். ஒரு விமானமும் இல்லை. ஆனாலும் கிளம்ப மாட்டேன் என்று கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆசையை மூட்டியவன் நான்தானே.

கமர்ஷியல் பைலட் உரிமத்துக்கு 200 மணி நேரம் பறக்க வேண்டும். இவளுக்கு இன்னும் பாதிகூட ஆகவில்லை. இனி சில நாள் இன்ஸ்ட்ரக்டர் பக்கத்தில் உட்கார, எகிறினால் மேலே போவதை மட்டும் திரும்பத் திரும்பப் பழகப்போகிறாள். திங்கட்கிழமை காட்பாடியில் ரயிலேற்றிவிடுகிறேன். அன்று சாயங்காலம் உனக்குப் போன் செய்கிறேன், வீட்டில் இரு.

அன்புடன்,
உன் பழைய சைக்கிள் கூட்டாளி