கிரியான் ஆற்றில் பூபு போடும் அண்ணன் தம்பிகளுக்கு

அன்புள்ள அண்ணன்மார்களே, தம்பிகளே, வணக்கம்.

நிபோங் திபால் பக்கம் சனி, ஞாயிறு ஆனால் சின்னப் படகை எடுத்துக்கொண்டு ஊடாங் காலா என்கிற பெரிய ஆற்று இறாலுக்குப் பூபு, அதாவது பொறிக்கூடு, போடக் கிளம்புகிறவர்களில் நானும் ஒருவன். பிழைப்புக்காகப் போகிறவர்களுக்கு இந்த மடல் இல்லை. வீட்டுக் குழம்புக்கும் மன நிம்மதிக்கும் போகிற நமக்குத்தான். உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன்: ஒவ்வொரு பூபுவிலும் ஒரு பக்கத்தைத் திறந்துவிட்டு, அதைப் பருத்தி நூலால் மட்டும் கட்டுங்கள்.

ஏன் என்று சொல்கிறேன். போன அமாவாசைக்கு மறுநாள் தண்ணீர் நன்றாக வற்றியிருந்தது. நீப்பா பனை ஓரமாக வரும்போது படகின் விசிறியில் ஏதோ சிக்கியது. பாசி பிடித்த கயிறு. மைத்துனர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் என்று பிடித்து இழுத்ததில் சேற்றைக் கக்கிக்கொண்டு ஒரு பழைய கம்பிக் கூடு மேலே வந்தது. தீனிப் பெட்டி காலி. உள்ளே ஐந்து வெறும் ஓடுகள், அரித்துப்போன இரண்டு நீலக் கொடுக்கு, உள்ளங்கை அளவில் ஒரு செத்த ஆமை. மூலையில் ஒரு பெட்டை இறால் மட்டும் உயிரோடு இருந்தது. வயிற்றுக்கு அடியில் கொத்தாக முட்டை. ஆரஞ்சு நிறம் போய்ச் சாம்பல் நிறத்துக்கு வந்துவிட்ட முட்டை. இரண்டு மூன்று நாளில் பொரிந்திருக்கும். அதை ஆற்றில் விட்டுவிட்டு வெகுநேரம் இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

தீனி தீர்ந்தால் கூடு சும்மா கிடக்கும் என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படி இல்லை. உள்ளே செத்தது அடுத்து வருவதற்குத் தீனி ஆகிறது. அது செத்தால் அதற்கடுத்ததற்கு. யாரும் தூக்காத கூடு, கம்பியும் நைலான் வலையும் இற்றுப்போகும் வரை கொன்றுகொண்டே இருக்கும். நைலான் லேசில் இற்றுப்போகாது. இரண்டு வருடத்துக்கு முன் மழை வெள்ளத்தில் என் கூடுகள் மூன்று போயின. முப்பது முப்பது வெள்ளி போச்சே என்றுதான் அன்று வருத்தப்பட்டேன். புதிதாக மூன்று வாங்கி அடுத்த வாரமே போட்டேன். அந்த மூன்றும் இன்றும் எங்கோ அடியில் கிடக்கின்றன. அந்தப் பெட்டையைப் பார்த்த நாளிலிருந்து இதுதான் மனதை அறுக்கிறது.

இந்த இறாலுக்கும் பினாங்குக்கும் உள்ள உறவு நம்மில் பலருக்குத் தெரியாது. பினாங்குத் தீவின் குளோகோரில் இருந்த மீன்வள ஆய்வு நிலையத்தில் 1960களின் தொடக்கத்தில் ஷாவ்-வென் லிங் என்ற அறிஞர்தான், ஊடாங் காலாவின் குஞ்சு நல்ல தண்ணீரில் பிழைக்காது, கொஞ்சம் உப்புக் கலந்த தண்ணீர் வேண்டும் என்று கண்டுபிடித்தார். உலகம் முழுக்க இந்த இறாலை இன்று பண்ணையில் வளர்க்கிறார்கள் என்றால் அதற்கு விதை இங்கே விழுந்தது. முட்டை சுமக்கும் பெட்டை, மேல் ஆற்றிலிருந்து முகத்துவாரப் பக்கம் இறங்கி வருவது அதனால்தான். குஞ்சு கொஞ்சம் வளர்ந்ததும் திரும்ப ஆறேறும். நாம் கூடு போடுகிற இடம் சரியாக அந்தப் பெட்டைகள் வரும் வழியில் இருக்கிறது. முட்டையோடு வந்தால் விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. ஆனால் தொலைந்த கூட்டுக்கு விடத் தெரியாதே!

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்திலும் நம்மைப் போலவே பொழுதுபோக்குக்குச் சின்னப் படகில் போய்க் கூடு போடுகிறார்கள். அங்கே கடல், குளிர்ந்த தண்ணீர், 200, 300 அடி ஆழம். ஸ்பாட் என்கிற இறால். அது ஆணாகப் பிறந்து பிறகு பெண்ணாக மாறும் இனம், அதனால் பெரியதெல்லாம் பெட்டை. நம் ஆற்றில் நீலக் கொடுக்கோடு பெரிதாக வருவது கடுவன். இனம் வேறு, தண்ணீர் வேறு, ஆனால் அவர்கள் வைத்திருக்கும் விதி நமக்கு அப்படியே பொருந்தும். ஆளுக்கு 2 கூடு, படகுக்கு 4. மிதவை மஞ்சள் நிறத்தில் இருக்க வேண்டும், மேலே பெயரும் முகவரியும் எழுதியிருக்க வேண்டும். கூட்டில் பருத்தி நூல் கட்டாயம். கூடு தொலைந்தால் நூல் இற்று வழி திறந்துகொள்ளும், உள்ளே இருப்பது வெளியே போய்விடும்.

செய்வது சுலபம். கூட்டின் மேல் பக்கவாட்டில் கை நுழையும் அளவுக்கு வெட்டுங்கள். அடியில் வெட்டினால் சேற்றில் புதைந்து பயனில்லை. அந்த வெட்டைப் பருத்தி நூலால் தைத்துவிடுங்கள். பூக்கடையில் மாலை கட்டும் நூலே போதும். நான் படகுத்துறை ஜெட்டியின் தூணில், தண்ணீருக்குள் கட்டிப் பார்த்தேன்: ஒற்றை இழை மூன்றாவது வாரமே விட்டுவிட்டது, நான்கு இழை முறுக்கியது ஏழாவது வாரம் வரை தாங்கியது. ஒன்று மட்டும் கவனம். இப்போது நைலான் கலந்த நூலும் பார்க்க அதே மாதிரிதான் இருக்கிறது. நுனியைக் கொளுத்திப் பாருங்கள். சாம்பலாக உதிர்ந்தால் பருத்தி, உருகி மணியாகத் திரண்டால் வேண்டாம்.

அப்புறம் கயிறு. தண்ணீர் வற்றியிருக்கும்போது அளவு பார்த்துக் கட்டிவிடுகிறோம். அமாவாசை, பௌர்ணமி ஏற்றத்தில் மிதவையாகக் கட்டிய போத்தல் தண்ணீருக்குள் போய்விடுகிறது. பிறகு தேடினால் எங்கே கிடைக்கும்? கயிற்றைத் தாராளமாக விடுங்கள். பச்சைக் கயிறு மிதக்கும், விசிறியில் மாட்டும் என்ற பயம் இருந்தால் போத்தலுக்கு ஒரு பாகம் கீழே சின்ன ஈயத்துண்டு கட்டிவிடுங்கள், கயிறு நேராகத் தொங்கும். போத்தல் மேல் பெயரை எழுதுங்கள். பெர்மிட் விவரத்தை மீன்வளத் துறை அலுவலகத்தில் அவரவர் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

வருகிற ஞாயிறு காலை ஏழு மணிக்கு ஜெட்டியில் இருப்பேன். ஒரு உருண்டை நூலும் கம்பி வெட்டியும் கொண்டுவருகிறேன், நீங்கள் கூடுகளைக் கொண்டுவாருங்கள். ஆளுக்குப் பத்து நிமிட வேலை. முடித்துவிட்டு நங்கூரக் கொக்கியைக் கட்டி ஆற்றடியை வாரிப் பார்க்கலாம். கூடு தொலைத்தவர்கள் எந்த இடம் என்று மட்டும் சொல்லுங்கள், யாருடையது என்று கேட்க மாட்டேன். என் மூன்று கூடு போன இடத்திலிருந்து ஆரம்பிப்போம்.

இப்படிக்கு,
உங்களில் ஒருவன்
நிபோங் திபால்