சுருங்காத தொட்டாற்சிணுங்கி

ஆசிரியருக்கு வணக்கம். எங்கள் கிணற்றடித் தொட்டாற்சிணுங்கியில், குழாய்த் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும் பக்கத்து இலைகள் இப்போதெல்லாம் அந்தச் சொட்டுக்கு மூடுவதே இல்லை, ஆனால் விரல் பட்டால் உடனே சுருங்கிவிடுகின்றன. அசதியோ என்று நினைத்தேன். உயிரியலாளர் மோனிகா காக்லியானோ குழுவினர் 2014-இல் வெளியிட்ட ஆய்வில் இந்தச் செடிகளைத் தொட்டியோடு 15 செ.மீ. உயரத்திலிருந்து திரும்பத் திரும்ப விழவைத்தார்கள் (அடிபடாதபடிதான்!). கொஞ்ச நேரத்தில் இலைகள் மூடுவதை நிறுத்தின; வேறு மாதிரி உலுக்கினால் மூடின, அப்படியென்றால் அசதி இல்லை. மூடினால் வெயில் நஷ்டம், வீணாக எதற்கு? ஒரு மாதம் கழித்தும் அந்தப் பழக்கம் போகவில்லை. நரம்பே இல்லாத செடிக்கு இதைக் 'கற்றல்' என்று சொல்லலாமா எனச் சிலர் கேட்கிறார்கள். சரி, வேறு நல்ல பெயர் இருந்தால் சொல்லட்டும். உங்கள் அறிவியல் பக்கத்தில் இதை விரிவாக எழுதுங்களேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி