அடித்த சொல்லைத் திரும்ப எழுதிக் கொடு

செல்லூர்,
மதுரை.

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்து சேர்ந்தது. முழங்கால் வலி குறைந்து, காலையில் தெருமுனை வரை நடந்து போய் வருகிறாய் என்று படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. இங்கே நாங்கள் நலமாக இருக்கிறோம். மற்ற செய்திகளை அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன். நீ கேட்டிருக்கும் கேள்வி நான்கு நாளாக என் மனத்தைவிட்டு அகலவில்லை என்பதால் இன்று அதைப் பற்றி மட்டுமே எழுதப் போகிறேன்.

உன் பேத்தி, தன்னோடு ஐந்தாம் வகுப்பில் படித்த தோழியை மாட்டுத்தாவணி பேருந்து நிலையத்தில் எதிர்பாராமல் பார்த்ததை ஆங்கிலக் கட்டுரையாக எழுதி, அந்தச் சந்திப்பை ‘ஆக்சிடென்டல்’ என்று சொல்லியிருக்கிறாள். யாருக்கும் அடிபடவில்லை, இது எப்படி ஆக்சிடென்டல் ஆகும் என்று நீ அதைச் சிவப்பு மையால் அடித்துவிட்டாய். நண்பா, அவள் எழுதியதுதான் சரி. நினைத்துச் செய்யாமல் தானாக நேர்ந்த எதற்கும் அந்தச் சொல் பொருந்தும். நேர்ந்தது நல்லதா கெட்டதா என்பது அதற்கு ஒரு பொருட்டே இல்லை. 1928 செப்டம்பரில் அலெக்சாண்டர் ஃபிளெமிங் விடுமுறை முடிந்து லண்டனில் தம் ஆய்வுக்கூடத்துக்குத் திரும்பியபோது, கிருமி வளர்த்த தட்டு ஒன்றில் பூஞ்சை விழுந்து, அதைச் சுற்றியிருந்த கிருமிகள் அழிந்திருந்ததைக் கண்டார். பெனிசிலினுக்கு வழிகாட்டிய அந்த நிகழ்ச்சியையும் ஆங்கிலத்தில் ஆக்சிடென்டல் என்றுதான் சொல்கிறார்கள்.

நாம் தடுமாறுவதில் வியப்பில்லை. ‘ஆக்சிடென்ட்’ என்ற சொல் நம் வீடுகளுக்குள் லாரியோடும் பேருந்தோடும் சேர்ந்து வந்தது. “ரிங் ரோட்டுல ஆக்சிடென்ட் ஆயிருச்சாம்” என்றால், என்ன ஆனது என்று யாரும் கேட்பதில்லை, யாருக்கு என்றுதான் கேட்கிறோம். தமிழில் நமக்கு விபத்து என்றும் தற்செயல் என்றும் இரண்டு சொற்கள் இருக்கின்றன. துன்பம் வந்தால் விபத்து, துன்பமில்லாமல் தானாக நிகழ்ந்தால் தற்செயல் என்று பிரித்துவைத்திருக்கிறோம். ஆங்கிலம் இரண்டையும் ஒரே சொல்லில் அடக்குகிறது. அந்தச் சொல்லின் வேர் லத்தீன் மொழியில் ‘விழுதல்’ என்னும் பொருளுடைய வினை என்று அறிந்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது என்று நாம் சொல்வதிலும் விழுதல்தானே இருக்கிறது!

இந்த வேரை நான் தேடிப் பார்த்ததற்கு ஒரு காரணம் உண்டு. சோழவந்தான் பக்கத்துத் தோப்புகளில் தென்னை ஏறிப் பிழைத்த ஒருவர், மூன்று மாதங்களுக்கு முன் மரத்திலிருந்து தவறி விழுந்து, மருத்துவமனையில் இரண்டாம் நாள் இறந்துபோனார். அவர் மனைவி எங்கள் தெருவில் உள்ள உறவினர் வீட்டுக்கு வந்திருந்தபோது, வங்கிக் கணக்கை எப்படி முடிப்பது என்று கேட்பதற்காகப் பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். ஓரம் மடங்கி, வெற்றிலைக் கறை படிந்திருந்த அந்தப் புத்தகத்தில் ஒரு வரி என் கண்ணில் பட்டது; 20 ரூபாய் பிடித்தம். பிரதம மந்திரி சுரக்ஷா பீமா என்னும் விபத்துக் காப்பீட்டுத் திட்டத்துக்கு ஆண்டுதோறும் பிடிக்கும் சந்தா அது. அதன்படி ஆக்சிடென்டல் மரணத்துக்கு 2 லட்ச ரூபாய் உண்டு. ஏன் விண்ணப்பிக்கவில்லை என்று நான் கேட்டதற்கு அவருடைய மகன் சொன்ன பதில் இன்னும் என் காதில் நிற்கிறது: “அப்பா ஆக்சிடென்ட்ல சாகல சார், மரத்துல இருந்துதான் விழுந்தாரு.”

விழுதலையே வேராகக் கொண்ட சொல், விழுந்து இறந்த மனிதருக்குப் பொருந்தாது என்று அந்தப் பிள்ளை நம்பியிருந்தான். மரத்திலிருந்து விழுவதும் பாம்பு கடிப்பதும் அந்தத் திட்டத்தில் விபத்தாகவே கொள்ளப்படும் என்றும், மருத்துவமனைப் பதிவைச் சான்றாகக் காட்ட வேண்டும் என்றும் எடுத்துச் சொல்லி, அன்றே உட்கார்ந்து படிவத்தை நிரப்பினோம். வங்கியில் கொடுத்தாகிவிட்டது, பதில் இன்னும் வரவில்லை. ஒரு சொல்லின் பொருளைக் குறுக்கிப் புரிந்துகொள்வதால் ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு நட்டம் வரக்கூடும் என்று அன்று இரவு நெடுநேரம் யோசித்தேன்.

ஆனால் இந்தச் சொல்லை வேறு பக்கமாக நீட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். ஆக்சிடென்டல் என்று சொல்லிவிட்டால் பழி தீர்ந்தது என்று நினைக்கிறார்கள். அந்தச் சொல் ‘எண்ணம் இல்லை’ என்று மட்டும் சொல்கிறதே தவிர, ‘குற்றம் இல்லை’ என்று சொல்வதில்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா என்னும் குற்றவியல் சட்டத்தின் 18ஆம் பிரிவு, முன்பு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 80ஆம் பிரிவாக இருந்தது. தற்செயலாக நேர்ந்த தீங்கை அது குற்றமாகக் கொள்வதில்லை என்றாலும், செய்த செயல் சட்டத்துக்கு உட்பட்டதாகவும், உரிய கவனத்தோடு செய்யப்பட்டதாகவும் இருக்க வேண்டும் என்று நிபந்தனை வைக்கிறது. கவனமில்லாமல் உயிரைப் போக்கினால், எண்ணம் இல்லாவிட்டாலும் 106ஆம் பிரிவு காத்திருக்கிறது.

இதை நம் ஊர்க் கதையை வைத்துத்தான் என்னால் நன்றாக விளங்கிக்கொள்ள முடிகிறது. ‘கொல்ல’க் கொணர்க என்று சொல்ல நினைத்த பாண்டியன், வினை விளையும் காலமாதலால், ‘கொன்று’ கொணர்க என்று சொல்லிவிட்டான் என்பது சிலப்பதிகாரத்துக்குப் பழைய உரை காணும் பொருள். அப்படியானால் கோவலன் இறந்தது ஆக்சிடென்டலா? இளங்கோவடிகள் ‘தேரானாகி’ என்கிறார், கண்ணகியும் ‘தேரா மன்னா’ என்றே அவனை விளிக்கிறாள். தேர்ந்து பார்க்க வேண்டியவன் பார்க்கவில்லை. இதற்கு ஆங்கிலத்தில் இன்னும் நெருக்கமான சொல் ‘இன்அட்வர்டென்ட்’. மனத்தை ஒன்றின் பக்கம் திருப்பாமல் இருப்பது என்பதே அதன் வேர்ப்பொருள். கை தவறிக் கண்ணாடி விழுந்தால் ஆக்சிடென்டல். கவனிக்காமல் ஒருவர் பெயரைப் பட்டியலில் விட்டுவிட்டால் இன்அட்வர்டென்ட். பேத்திக்கு இந்த இரண்டையும் சேர்த்தே சொல்லிக்கொடு.

தமிழில் எழுதும்போது இதற்கு ஒரு பெயரடையைத் தேடி அலைய வேண்டியதே இல்லை என்பது என் கருத்து. ‘கண்ணாடியை உடைத்தேன்’ என்பதற்கும் ‘கண்ணாடி உடைந்துவிட்டது’ என்பதற்கும் இடையே உள்ள தூரத்தைப் பார். நம் மொழி எண்ணமின்மையை வினைக்குள்ளேயே வைத்திருக்கிறது. கைதவறி, வாய்தவறி, தெரியாத்தனமாக என்று உறுப்புக்கும் நிலைக்கும் தகுந்தபடி சொற்கள் வேறு இருக்கின்றன. இவ்வளவு இருக்க, ‘தற்செயலான உடைப்பு’ என்று மொழிபெயர்ப்பில் காணும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

சங்கீதம் உனக்கு உயிர் என்பதால் இதையும் சொல்கிறேன். மேல்நாட்டு இசையில், எடுத்துக்கொண்ட சுருதி வரிசைக்குள் அடங்காமல் வரும் சுவரக் குறிகளை ஆக்சிடென்டல் என்றே அழைக்கிறார்கள். அவை கைதவறி வந்தவை அல்ல. காம்போதி ராகத்தில், அதற்கு உரியதல்லாத காகலி நிஷாதம் என்னும் சுவரம் அந்நிய சுவரமாக வந்து அழகு சேர்ப்பதைப் போல, தெரிந்தே வைத்தவை. ‘இயல்பாக உரியதல்ல, மேலே வந்து சேர்ந்தது’ என்னும் பழைய பொருள் அங்கே தங்கியிருக்கிறது.

ஆங்கிலத்தில் வினையடையாக எழுதும்போது ‘லி’யை (-ly) ஆக்சிடென்ட் என்பதோடு நேரே ஒட்டிவிடாமல், ஆக்சிடென்டல் என்பதோடு சேர்க்க வேண்டும் என்பதை மட்டும் அவளுக்குச் சொல். பலர் அந்த இடத்தில் எழுத்துப் பிழை செய்கிறார்கள்.

நீ அடித்த சொல்லை அதே சிவப்பு மையால் மேலே திரும்ப எழுதி, தாத்தாவின் பிழை என்று சொல்லிக் கட்டுரையை அவள் கையில் கொடு. மாட்டுத்தாவணியில் அந்த இரண்டு பெண்களும் என்ன பேசிக்கொண்டார்கள், எந்தப் பேருந்தைத் தவறவிட்டார்கள் என்று கேட்டு எனக்கு எழுது. கட்டுரையை முழுவதும் படிக்க ஆசையாக இருக்கிறது.

அன்புடன்,
உன் பழைய வகுப்புத் தோழன்