ரஃப் தாள்களைத் தூக்கிப் போடாத ஆண்டு: நம் ஓவிய ஆசிரியர் சங்கத்தின் ஆண்டறிக்கை

தலைவர், பொருளாளர், செயற்குழு நண்பர்கள், உறுப்பினர்கள் எல்லாருக்கும் வணக்கம்.

போன பொதுக்கூட்டத்தில் செயலாளர் பொறுப்பை என்னிடம் கொடுத்தபோது கூடவே ஒரு கேள்வியையும் கொடுத்தீர்கள். உயர்நிலை வகுப்புப் பிள்ளைகள் டிராயிங் பீரியடில் செய்கிற ப்ராஜெக்ட்கள் ஏன் எல்லாப் பள்ளியிலும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருக்கின்றன, அதே இரண்டு மலை, நடுவில் அதே சூரியன், போஸ்டர் என்றால் பூமியைத் தாங்கும் அதே இரண்டு கைகள், இதற்கு நாம் ஏதாவது செய்ய முடியுமா என்று. இந்த ஆண்டு முழுக்க நாம் பேசியதும் செய்ததும் பெரும்பாலும் இதைச் சுற்றித்தான்.

தேர்வு மாதங்களைத் தவிர மற்ற மாதங்களில் எல்லாம் கூடினோம். முதல் கூட்டத்துக்கு ஆளுக்கு ஒரு கட்டு மாணவர் படங்களைக் கொண்டு வரச் சொல்லியிருந்தேன். மேசை நிறைந்துவிட்டது. எல்லாம் பார்டர் போட்ட, சுத்தமான ஃபேர் காப்பிகள். அப்போது நம் உறுப்பினர் ஒருவர், "சரி, இதுக்கு முன்னாடி போட்ட ரஃப் எல்லாம் எங்கே?" என்று கேட்டார். ஒருவரிடமும் இல்லை. ரஃபைக் கசக்கிக் குப்பையில் போடத்தான் நாமே சொல்லிக் கொடுத்திருக்கிறோம், சில வகுப்புகளில் ரஃப் என்ற ஒன்றே கிடையாது, நேராகச் சார்ட்டில்தான் ஆரம்பம். முதல் யோசனையையே ஃபேராகப் போட்டால் எல்லாருக்கும் முதலில் தோன்றுகிற மலையும் சூரியனும்தான் வரும். எனக்கு அன்றைக்குத்தான் இது உறைத்தது.

அந்த இடத்திலேயே தீர்மானம் போட்டோம்: இனி எந்த ப்ராஜெக்ட்டாக இருந்தாலும் ரஃப் தாள்களை ஃபேர் காப்பிக்குப் பின்னால் பின் அடித்து வாங்குவது, அதற்கும் மதிப்பெண் போடுவது. எளிதாக ஒத்துக்கொள்ளப்பட்டது என்று சொல்ல மாட்டேன். மூத்த உறுப்பினர் ஒருவர், "பையன் கொடுக்கிற படத்தைத்தான் நான் பார்க்க முடியும், அவன் பட்ட பாட்டுக்கு எப்படி மார்க் போடுவது?" என்று கேட்டார், நியாயமான கேள்விதான், இரண்டு கூட்டம் இதிலேயே போனது. கடைசியில் பாதி மதிப்பெண் படத்துக்கு, பாதி ரஃபுக்கு என்று முடிவானது. ரஃபில் சுத்தம் பார்ப்பதில்லை. ஒரு தாளிலிருந்து அடுத்த தாளுக்கு என்ன மாறியிருக்கிறது என்று மட்டும் பார்க்கிறோம்.

முதல் ப்ராஜெக்ட்டாக நாற்காலியை எடுத்தோம். ஒரு மர நாற்காலியை வகுப்பின் நடுவில் கோணலாகப் போட்டு வரையச் சொன்னால் நாலு காலும் ஒரே நீளத்தில்தான் வரும், ஏனென்றால் கால்கள் ஒரே நீளம் என்பது பிள்ளைகளுக்குத் தெரியும், தெரிந்ததை வரைகிறார்கள், கண் சொல்வதைக் கேட்பதில்லை. அதனால், நாற்காலியை விட்டுவிடு, கால்களுக்கு நடுவிலும் முதுகுச் சட்டங்களுக்கு நடுவிலும் தெரிகிற ஓட்டைகளை மட்டும் வரை என்றோம். ஒரு மாணவியின் மூன்று தாள்கள் இன்னும் என் மேசையில் இருக்கின்றன. முதல் தாளில் பொம்மை நாற்காலி. இரண்டாவதில் ஓட்டைகளை வரைய ஆரம்பித்து, பாதியில் பழக்கம் இழுத்து மறுபடி காலை வரைந்திருக்கிறாள், ரப்பர் போட்டுத் தேய்த்ததில் தாள் பஞ்சாகியிருக்கிறது. மூன்றாவதில் இருப்பது சாய்ந்த நாற்கோணங்களும் ஒரு ஒல்லியான முக்கோணமும் மட்டும்தான், தள்ளி நின்று பார்த்தால் நாற்காலி அப்படியே உட்கார்ந்திருக்கிறது. மூன்றாம் தாளை மட்டும் வாங்கியிருந்தால் கைராசிக்காரி என்று சொல்லிவிட்டு நகர்ந்திருப்பேன். மூன்றையும் சேர்த்துப் பார்த்ததால் அவள் எந்த இடத்தில் பார்க்கக் கற்றுக்கொண்டாள் என்பதே தெரிந்தது.

முகம் வரைவதிலும் இதே கதைதான். கண்கள் தலையின் உயரத்தில் ஏறக்குறைய சரிபாதியில் இருக்கின்றன, ஆனால் பிள்ளைகள் நெற்றியைச் சுருக்கிக் கண்ணை மேலே ஏற்றிவிடுவார்கள். கையை நீட்டிப் பென்சிலால் பக்கத்து நண்பரின் உச்சந்தலையிலிருந்து கண் வரைக்கும், கண்ணிலிருந்து தாடை வரைக்கும் அளக்கச் சொன்னோம். இரண்டும் ஒன்று என்று தெரிந்தபோது நம்பாமல் மறுபடி அளந்தவர்கள் உண்டு.

பென்சில் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் இது பல வகுப்புகளில் வீணாகப் பிள்ளைகளைத் திட்ட வைக்கிறது. ஷேடிங் வெளிறி இருக்கிறது, இன்னும் அழுத்து என்கிறோம். கையில் இருப்பதோ எழுதப் பயன்படும் எச்பி பென்சில். கிராஃபைட் தூளையும் களிமண்ணையும் கலந்து சுடும் முறைக்கு 1795-இல் பிரான்சில் கான்டே என்பவர் காப்புரிமை பெற்றார், இன்றைக்கும் அதே கணக்குதான்: களிமண் கூடினால் கடினமும் வெளிறலும், கிராஃபைட் கூடினால் மென்மையும் கருமையும். எச்பியை எவ்வளவு அழுத்தினாலும் ஓர் அளவுக்கு மேல் கறுக்காது, தாள் குழிந்து பளபளக்கும், அவ்வளவுதான். எச்பியைவிட மென்மையும் கருமையும் கூடிய 2பி, 6பி பென்சில்கள் இரண்டையும் கையில் கொடுத்து, வெள்ளையிலிருந்து கருமை வரைக்கும் ஒன்பது கட்டம் போடச் சொன்ன வகுப்புகளில் ஒரே வாரத்தில் வரைந்த பொருள்கள் தட்டையாக இல்லாமல் உருண்டை உருண்டையாகத் தெரிந்தன.

டிசைன் பக்கம் வருகிறேன், இந்த ஆண்டு எனக்கு மிகவும் பிடித்த வேலை இதுதான். பள்ளிக்கான குறியீடுகளை மாணவர்களே உருவாக்க வேண்டும்: நூலகம், குடிநீர், ஆய்வகம், முதலுதவி. எழுத்து கூடாது. ஆரம்பிக்கும் முன் இரண்டு உண்மைக் கதைகள் சொன்னோம். மூன்று அம்புகள் சுற்றி வரும் மறுசுழற்சிக் குறியீட்டை 1970-இல் ஒரு போட்டிக்காக வரைந்தவர் கேரி ஆண்டர்சன், அப்போது அவர் 23 வயதுக் கல்லூரி மாணவர். சக்கர நாற்காலிக் குறியீட்டை 1968-இல் வரைந்த சூசன் கோஃபோடும் டென்மார்க்கைச் சேர்ந்த மாணவிதான். அவர் முதலில் வரைந்ததில் வெறும் நாற்காலிதான் இருந்தது, பிறகு அந்தக் குறியீட்டைத் தேர்ந்தெடுத்த குழுவின் தலைவர் கார்ல் மோன்டன் ஒரு வட்டத்தைத் தலையாகச் சேர்த்த பின்னர்தான் அதில் ஒரு மனிதர் உட்கார்ந்தார். உலகமே பயன்படுத்துகிற குறியீட்டுக்கும் திருத்தம் நடந்திருக்கிறது என்று கேட்டதும் பிள்ளைகளின் முகம் மாறியதைப் பார்த்தேன்.

நிபந்தனை ஒன்றுதான், தீப்பெட்டி அளவில் பன்னிரண்டு ரஃப் போட்ட பிறகே ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். எதற்கு இவ்வளவு என்று எல்லாரும் முணுமுணுத்தார்கள். நான் பார்த்த வகுப்பில் முதல் மூன்று நாலு கட்டங்கள் எல்லாருக்கும் ஒன்றேதான்: நூலகத்துக்குத் திறந்த புத்தகம், குடிநீருக்கு ஒரு சொட்டு. ஐந்தாறு கட்டத்தில் யோசனை வற்றிப் போய்ப் பென்சிலைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அதற்கு அப்புறம்தான் சொந்தச் சரக்கு வருகிறது. குடிநீருக்குச் சொட்டு, குழாய், குவளை என்று போய்க்கொண்டிருந்த ஒரு பையன் ஒன்பதாவது கட்டத்தில் குழாயடியில் குவிந்த ஒரு உள்ளங்கையை வரைந்தான். அதை நடைக்கூடத்தின் ஒரு கோடியில் ஒட்டி மறுகோடியில் நின்று பார்த்தோம், விரல்கள் எல்லாம் ஒன்றோடொன்று கலந்து ஏதோ இலை மாதிரி தெரிந்தது. பக்கத்து வகுப்புப் பிள்ளைகளைக் கேட்டால் தோட்டமா என்கிறார்கள். அவன் முகம் வாடிப் போனது, ஆனால் மறுநாள் வந்து நாலு விரலையும் ஒரே தடித்த வளைவாக்கி, கட்டைவிரலை மட்டும் பிரித்துக் காட்டினான். அது நிற்கிறது. பன்னிரண்டு கட்டங்களும் திருத்திய தாளும் சேர்ந்துதான் அவனுடைய ப்ராஜெக்ட்.

ஒரு வருத்தத்தையும் இந்த அறிக்கையில் எழுதி வைக்கிறேன். என் வகுப்பில் ஒரு மாணவன் பச்சைத் தளத்தில் சிவப்பு எழுத்துப் போட்டு ஒரு போஸ்டர் கொண்டு வந்தான், இரண்டு நிறமும் ஒரே அளவு கருமை, படிக்கவே முடியவில்லை. கவனமில்லை என்று எழுதி மதிப்பெண்ணைக் குறைத்தேன். நம் உறுப்பினர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, அந்தப் பையனிடம் இரண்டு கலர் பென்சிலைக் காட்டிப் பெயர் கேட்கச் சொன்னார். அவனுக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியவில்லை, அவனுக்கே அது அன்றுவரை தெரியாது. ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறக்குறைய 12 பேரில் ஒருவருக்கு இந்தக் குறை உண்டு, மற்ற மக்களிடம் இது சற்றுக் குறைவு, ஆனாலும் பெரிய பள்ளி எதிலும் ஒருசிலராவது இருப்பார்கள். அவனிடம் மன்னிப்புக் கேட்டேன், மதிப்பெண்ணைத் திருத்தினேன். அதன் பிறகு சங்கத்தில் ஒரு வழக்கம் வந்தது: போஸ்டரின் ரஃபை ஃபோனில் கருப்பு வெள்ளையாகப் படம் எடுத்துப் பார்க்க வேண்டும், அதில் எழுத்து தெரிந்தால்தான் நிறம் தேர்ந்தது என்று அர்த்தம். பெட்டியில் ஒவ்வொரு கலர் பென்சிலிலும் பெயர் எழுதி ஒட்டவும் ஆரம்பித்திருக்கிறோம். உங்கள் வகுப்பிலும் இன்றே செய்யுங்கள்.

பெர்ஸ்பெக்டிவுக்கு, அதாவது தூரம் போகப் போகப் பொருள்கள் சிறிதாகத் தெரிவதை வரைவதற்கு, ஒரு நாள் பயிலரங்கு நடத்தினோம். மறைபுள்ளி (கோடுகள் தூரத்தில் போய்ச் சேரும் புள்ளி), கண்மட்டக் கோடு என்று பலகையில் கோடு கிழிப்பதை விட்டுவிட்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஜன்னல் கண்ணாடியிலேயே மார்க்கரால் வெளியே தெரிகிற கட்டடத்தை வரையச் சொன்னோம். படம் என்பது ஒரு ஜன்னல் என்று இத்தாலியக் கலை அறிஞர் அல்பெர்ட்டி 1435-லேயே எழுதிய விஷயம்தான். தலை கொஞ்சம் அசைந்தாலும் கோடு தப்பிவிடும், அதிலேயே பாதிப் பாடம் புரிந்துவிடுகிறது.

கம்ப்யூட்டரிடம் இரண்டு வரி சொல்லிப் படம் வாங்கி வருகிற பழக்கம் பற்றியும் காரசாரமாகப் பேசினோம். தடை போட வேண்டும் என்று சிலர், பயன்படுத்தக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று சிலர். என் கருத்து, பன்னிரண்டு ரஃபும் கேட்டு, ஏன் ஏழாவதை விட்டு ஒன்பதை எடுத்தாய் என்று எதிரே உட்கார வைத்துப் பேசினால் நமக்குத் தெரிந்துவிடும். தனித் தீர்மானம் எதுவும் போடவில்லை.

ஆண்டு இறுதிக் கண்காட்சியில் ஒவ்வொரு ஃபேர் காப்பிக்குப் பக்கத்திலும் அதன் ரஃப் தாள்களைத் தொங்கவிட்டோம். அழுக்குத் தாளை மாட்டுகிறீர்களே என்று முதலில் பிள்ளைகளே கூச்சப்பட்டார்கள். வந்த பெற்றோர்கள் ரஃப் முன்னால்தான் அதிக நேரம் நின்றார்கள், நாற்காலி மாணவியின் அப்பா மூன்று தாள்களையும் வரிசையாக ஃபோனில் எடுத்துக்கொண்டு, இரண்டாவதில் தேய்ந்த இடத்தை விரலால் தொட்டுப் பார்த்தார்.

வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். செய்ய நினைத்துச் செய்யாதது, அட்டையை வெட்டி மடிக்கும் பொதி வடிவமைப்பு, அச்சுக்கட்டை வேலை இரண்டும். வரும் ஆண்டில் முதலில் அவற்றைத்தான் எடுக்க வேண்டும். பயிலரங்குக்கு இடம் தந்தவர்களுக்கும், இரவு வரை இருந்து தாள்களை மாட்டிய உறுப்பினர்களுக்கும் மனமார்ந்த நன்றி.

அடுத்த கூட்டத்துக்கு ஆளுக்கு ஒரு மாணவரின் முழு ரஃப் கட்டைக் கொண்டு வாருங்கள், ஃபேர் காப்பி வேண்டாம்.

இப்படிக்கு,
செயலாளர்