ஸ்டேன் சுவாமி தண்டனைக் கைதி அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் கேள்வி-பதில் பகுதியில், ‘குருக்கள் போராட்டங்களில் இறங்கலாமா’ என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். அதற்கு, ‘தண்டனைக் கைதியாக இறந்துபோன ஸ்டேன் சுவாமி, பூசையோடும் ஜெபத்தோடும் நின்றிருந்தால் நிம்மதியாகக் கண்மூடியிருப்பார்’ என்று பதில் வந்திருக்கிறது. என் அப்பா காலத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு வருகிற பத்திரிகை இது. இதில் இப்படி ஒரு வரியைப் படிக்க நேர்ந்ததில் மிகவும் வேதனைப்பட்டேன்.

முதலில் தகவல் பிழையைச் சொல்லிவிடுகிறேன். ஜார்க்கண்டில் ஆதிவாசி மக்களோடு உழைத்த இயேசு சபைக் குரு ஸ்டேன் சுவாமிக்கு எந்த நீதிமன்றமும் தண்டனை கொடுக்கவில்லை. 2020 அக்டோபர் 8 இரவு, ராஞ்சி பக்கத்தில் நாம்கும் என்ற இடத்தில் அவர் தங்கியிருந்த பகாய்ச்சா மையத்தில் வைத்து என்.ஐ.ஏ. எனும் தேசியப் புலனாய்வு முகமை அவரைக் கைது செய்தது. அப்போது வயது 83. மகாராஷ்டிரத்தில் பீமா கோரேகான் என்ற ஊரில் 2018 ஜனவரியில் நடந்த கலவரம் பற்றிய வழக்கு; ஊபா எனும் சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டம். அந்த ஊருக்குத் தான் போனதே இல்லை என்று அவர் கைதாவதற்கு முன்பே சொல்லியிருந்தார். 2021 ஜூலை 5 அன்று பாந்திரா ஹோலி ஃபேமிலி மருத்துவமனையில் அவர் இறந்தபோது வழக்கில் விசாரணையே தொடங்கவில்லை. அவருடைய ஜாமீன் மனு மும்பை உயர் நீதிமன்றத்தில் அன்றுதான் விசாரணைக்கு வந்தது. அவர் போய்விட்டார் என்று மருத்துவர் அங்கேதான் அறிவித்தார். இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததா, ஆசிரியர் ஐயா? தெரிந்தும் எப்படி அந்த வரியை அச்சுக்கு அனுப்பினீர்கள்?

‘பூசையோடு நில்லுங்கள்’ என்ற பேச்சு எனக்குப் புதிதில்லை. எங்கள் ஊர் கொள்ளிடக் கரையில் இருக்கிறது. ஆற்றில் மணல் அள்ள அள்ள நிலத்தடி நீர் இறங்கி, தென்னைகள் காய்ந்தன, வீட்டுக் கிணறுகள் வற்றின. அப்போது இருந்த பங்குத்தந்தை, ஞாயிறு பிரசங்கத்தில் இதைப் பேசினார். பங்கின் தெருவாரிக் குழுக்களான அன்பியங்களின் கூட்டங்களில் கையெழுத்து வாங்கினார். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்கு இந்து, முஸ்லிம் என்று பார்க்காமல் ஊரையே கூட்டிக்கொண்டு கலெக்டர் ஆபீஸுக்குப் போனார். நானும் போனேன். அதற்கப்புறம்தான் அவர் மதமாற்றம் செய்கிறார் என்று ஒரு புகார் கிளம்பியது. அதுவரை எங்கள் ஊரில் அந்தப் பேச்சே இருந்ததில்லை. ராத்திரியில் அவர் தங்கியிருந்த அறைவீட்டு வாசலில் மணல் லாரிகளைக் கொண்டுவந்து நிறுத்தி ஹாரன் அடித்தார்கள். அவர் பயப்படவில்லை. பயந்தவர்கள் எங்கள் பங்குப்பேரவையில் இருந்தார்கள். தேர்த்திருவிழாவுக்கு விளக்கு உபயம் யாருடையது, கோவில் தரைக்கு டைல்ஸ் யார் கொடுத்தது என்று எல்லோருக்கும் தெரியும். ‘சாமி, பூசையோடு நிறுத்திக்குங்க’ என்று அவரிடம் போய்ச் சொன்னார்கள். அடுத்த ஜூன் மாதத்தில் அவருக்கு மாற்றல் வந்துவிட்டது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினார். வழியனுப்பு விழாகூட வைக்கவில்லை.

இதையெல்லாம் எழுதி அப்போதே உங்களுக்கு ஒரு கடிதம் அனுப்பினேன். மணலைப் பற்றிய பத்தியை எடுத்துவிட்டு, ‘குருக்களின் தியாகம் போற்றத்தக்கது’ என்கிற ஒரு பத்தியை மட்டும் போட்டிருந்தீர்கள். அதன் கீழே என் பெயரைப் பார்த்தபோது கூச்சமாக இருந்தது.

ஸ்டேன் சுவாமி நம்ம திருச்சி மாவட்டத்து விரகாலூர்க்காரர். 1960-களில் இன்றைய ஜார்க்கண்டின் சாய்பாசா பக்கம் பள்ளியில் வேலை பார்த்தபோது, ஆதிவாசி மாணவர்களோடு வாரச்சந்தைக்குப் போனவர். அங்கே வியாபாரிகள் அந்த மக்களை ஏமாற்றுவதைக் கண்ணால் பார்த்தவர். அதன்பின் அவர் ஆயுசெல்லாம் செய்த வேலை என்ன? பழங்குடிப் பகுதிகளுக்கான அரசியல் சட்டத்தின் ஐந்தாவது அட்டவணை உங்களுக்கு என்ன உரிமை தருகிறது, அந்தப் பகுதிகளின் ஊராட்சிகளுக்கான 1996-இன் பெசா சட்டம் கிராம சபைக்கு என்ன அதிகாரம் தருகிறது, 2006-இன் வன உரிமைச் சட்டம் என்ன சொல்கிறது என்று அந்த மக்களுக்கு எடுத்துச் சொன்னார். அவர்கள் காலுக்குக் கீழே நிலக்கரியும் இரும்பும் கிடக்கிறது. அந்த நிலத்தை விட மாட்டோம் என்ற இளைஞர்கள் நக்சல் என்ற பெயரில் சிறைக்குப் போனார்கள். அப்படி விசாரணைக் கைதிகளாகக் கிடந்த சுமார் 3,000 பேருக்காக ஜார்க்கண்ட் உயர் நீதிமன்றத்தில் அவர் வழக்குப் போட்டார். கிராம சபையின் உரிமைகளைக் கல்லில் பொறித்து ஊர் எல்லையில் நட்ட பத்தல்கடி இயக்கத்தை ஆதரித்தார் என்று 2018-இல் அவர்மேல் தேசத்துரோக வழக்கு வந்தது. அந்த வழக்குகளைத் திரும்பப் பெறுவதாக 2019 டிசம்பரில் வந்த புதிய மாநில அரசு அறிவித்தது. அதற்கு அடுத்த வருஷம்தான் என்.ஐ.ஏ. வந்தது.

விவிலியத்தில் நாபோத்தின் திராட்சைத் தோட்டம் பற்றி மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். மூதாதையர் நிலத்தை அரசன் கேட்டும் தரமாட்டேன் என்றவன் நாபோத்து. இரண்டு பொய்ச் சாட்சிகளை உட்கார வைத்து அவனைக் கொன்றார்கள். இறைவாக்கினர் எலியா போய் அரசன் முகத்துக்கு நேராகக் கேட்டார். எலியா ஜெபத்தோடு நின்றிருக்கலாமே என்று எந்த மறைக்கல்விப் புத்தகமும் சொல்லவில்லை. ஸ்டேன் சுவாமிக்கு எதிரான ஆதாரமாகக் காட்டப்பட்ட, அவர் கணினியில் இருந்த ஆவணங்கள் அவருக்குத் தெரியாமல் வெளியிலிருந்து திணிக்கப்பட்டவை என்று கணினித் தடயங்களை ஆராயும் அமெரிக்காவின் ஆர்சனல் கன்சல்டிங் நிறுவனம் 2022 டிசம்பரில் அறிக்கை கொடுத்தது. உங்கள் பத்திரிகையில் அதைப் பற்றி ஒரு துணுக்காவது வந்ததா? நான் தேடினேன், இல்லை.

பார்க்கின்சன் நோயால் அவருக்குக் கை நடுங்கும். டம்ளரைப் பிடிக்க முடியாது. உறிஞ்சிக் குடிக்க ஒரு ஸ்ட்ராவும் சிப்பரும் கேட்டு 2020 நவம்பரில் நீதிமன்றத்தில் மனுப் போட்டார்கள். பதில் சொல்ல என்.ஐ.ஏ. 20 நாள் அவகாசம் வாங்கியது. அப்புறம், ‘அவை எங்களிடம் இல்லை’ என்றது. மும்பை அருகே உள்ள தலோஜா சிறையிலிருந்து எழுதிய கடிதத்தில், அதே வழக்கில் கைதாகி உடனிருந்த அருண் தனக்குச் சாப்பிட உதவுவதையும் வெர்னன் குளிக்க உதவுவதையும் நன்றியோடு எழுதினார். கூடவே, ஏழை விசாரணைக் கைதிகள் பலருக்குத் தங்கள்மேல் என்ன குற்றச்சாட்டு என்றே தெரியவில்லை என்றும் எழுதினார். கூண்டுப் பறவையாலும் பாட முடியும் என்றார். 2021 மே மாதம் காணொளியில் நீதிபதிகள் மருத்துவமனைக்குப் போகச் சொன்னபோது, வேண்டாம், ராஞ்சியில் என் மக்களோடு இருக்க விடுங்கள் என்று மட்டும் கேட்டார். இதுவும் ஜெபம்தான் என்று நான் நம்புகிறேன். இதைவிடப் பெரிய ஜெபத்தை நான் அறியேன்.

அவர் ஒருவர் மட்டுமா? மத்தியப் பிரதேசத்தில் ஏழை விவசாயிகளைக் கடனிலிருந்து மீட்ட சகோதரி ராணி மரியாவை 1995-இல் ஓடும் பேருந்திலிருந்து இழுத்துக் குத்திக் கொன்றார்கள். திருச்சபை அவரை 2017-இல் முத்திப்பேறு பெற்றவராக அறிவித்தது. ஜார்க்கண்டின் பாகூர் மாவட்டத்தில் நிலக்கரிச் சுரங்கத்தை எதிர்த்த சந்தாலி மக்களோடு நின்ற சகோதரி வல்சா ஜான் 2011 நவம்பரில் கொல்லப்பட்டார். எல் சால்வடாரில் பேராயர் ரொமேரோவை 1980-இல் பூசை வைத்துக்கொண்டிருக்கும்போதே சுட்டார்கள். பூசையோடு நின்றவரையும் விடவில்லை, ஐயா. இன்று அவர் புனிதர். அவர் படத்தை நீங்களும் அட்டையில் போட்டீர்கள். வெளிநாட்டில் இறந்தவரை அட்டையில் போட முடிகிறது. விரகாலூரில் பிறந்தவருக்குக் கேள்வி-பதிலில் ஒரு வரி, அதுவும் தப்பாக.

இத்தனையும் கேட்டுவிட்டு நான் கேட்பது சின்ன விஷயம்தான். அடுத்த இதழில், அதே கேள்வி-பதில் பக்கத்தில், அதே எழுத்து அளவில், ‘ஸ்டேன் சுவாமி எந்த வழக்கிலும் தண்டிக்கப்படவில்லை, விசாரணை தொடங்கும் முன்பே காவலில் இறந்தார்’ என்று திருத்தம் போடுங்கள். பதில் எழுதியவருக்கு வேறு கருத்து இருந்தால் இருக்கட்டும், அது அவர் உரிமை. ஆனால் நடந்தது நடந்தபடி இருக்க வேண்டும். இந்தக் கடிதத்தைப் போடுவதானால் மணல் பற்றிய பத்தியோடு சேர்த்துப் போடுங்கள். அதை எடுத்துவிட்டுப் போடுவதாக இருந்தால், தயவுசெய்து மொத்தத்தையும் விட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
திருச்சி மாவட்டம்