கட்டுமரத்தைச் சரியாகச் சொல்லுங்கள்

உப்புவெளியிலும் நிலாவெளியிலும் உல்லாசப் பயணிகளைப் படகில் ஏற்றும் தம்பிமாருக்கு,

சீசன் தொடங்கினால் புறாத்தீவுக்கும் திமிங்கிலம் பார்க்கவும் ஆள் கூட்டிப்போகிறீர்கள். வெளிநாட்டுக்காரருக்கு இந்தக் கரையைப் பற்றி அதிகம் கதைப்பது நீங்கள்தான். 'கட்டமரான்' என்ற ஆங்கிலச் சொல் தமிழின் 'கட்டுமரம்' என்பதிலிருந்து போனது என்று சொல்கிறீர்கள், நல்லது. இப்போது அந்தப் பெயரால் வழங்கும் இரட்டை உடல் படகையும் தமிழர்தான் கண்டுபிடித்தார்கள் என்று கூடவே ஒன்றைச் சேர்க்கிறீர்களே, அதை விட்டுவிடுங்கள்.

கட்டுமரம் வேறு சாமான். இலேசான மரக்குற்றிகளைச் செதுக்கி, பக்கம் பக்கமாக அடுக்கி, முன்னும் பின்னும் கயிற்றால் இறுக்கினால் சரி. உள்ளே குழி கிடையாது. ஏறுகிற தண்ணீர் இடுக்கால் தானே இறங்கிவிடும், ஓட்டை விழுந்து தாழ வழியில்லை. கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து மரங்களைக் காயப்போடுவார்கள், ஊறினால் பாரம். சோழமண்டலக் கரையில் இந்தப் பெயரால் வழங்கிய மிதவையைப் பற்றி ஆங்கிலேயக் கடலோடி வில்லியம் டாம்பியர் 1697இல் வந்த தன் பயண நூலில் எழுதினார்: சிறியதில் ஒரு ஆள்தான் இருக்கலாம், அவனுடைய காலும் பிட்டமும் எந்நேரமும் தண்ணீருக்குள். கடற்கொள்ளைக்காரரோடு திரிந்த மனுசன், ஆனாலும் ஓட்டினவன் பட்ட பாட்டைக் கவனித்திருக்கிறார்.

அதன்பிறகு அந்தச் சொல் கண்டபடி அலைந்தது. 1804இல் பூலோன் துறைமுகத்தில் பிரெஞ்சுக் கப்பல்களைத் தகர்க்க ஆங்கிலேயர் அனுப்பிய வெடிமருந்து மிதவைகளுக்கும் அதே பெயர். சண்டைக்காரப் பெண்களையும் அப்படித் திட்டினார்கள், ஏனென்று என்னைக் கேட்காதீர்கள். இலங்கையில் பக்கமரம் வைத்த தோணியைக்கூட வெள்ளைக்காரர் அப்படியே அழைத்தார்கள். 1876இல் அமெரிக்கரான நத்தானியல் ஹெரஷோஃப் 'அமரிலிஸ்' என்ற இரட்டை உடல் பாய்ப்படகைக் கட்டி நியூயோர்க் போட்டியில் எல்லாரையும் முந்தினார். தோற்றவர்கள் முறைப்பட, பரிசு கைநழுவிப் போனது. அப்படிப்பட்ட படகுகளுக்கே பிறகு பெயர் நிலைத்துவிட்டது. இரண்டு உடலைக் குறுக்கு மரத்தால் பிணைக்கும் நுட்பமோ பசிபிக் தீவுகளில் பழையது. பொலினீசியர் அதில் பெருங்கடலையே கடந்தவர்கள். பெயருக்கு நாங்கள் உரிமை கொண்டாடலாம், படகுக்கு முடியாது.

படகுகளில் தொங்கும் விளம்பர அட்டைகளில் இந்தச் சொல்லைத் தமிழில் பெரிதாக எழுதுங்கள். உச்சரிக்கவும் சொல்லிக் கொடுங்கள்; 'ட்டு' வராமல் அவர்கள் படும் பாடு உங்களுக்கும் பொழுதுபோக்கு. அட்டைக்கு வேண்டிய நாலு வரியை நான் எழுதித் தருகிறேன், காசு வேண்டாம். அச்சடிக்கிற செலவை மட்டும் சங்கத்தில் பேசிப் பாருங்கள்.

இப்படிக்கு,
திருகோணமலை வாசகன் ஒருவன்