11 வயதுப் பையனுக்கு இது வராதா? ஒரு ஜூனியருக்குக் கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய நீளமான வாட்ஸப் செய்தியைப் படித்தேன். 11 வயதுப் பையன். சில மாதங்களாகச் சாப்பாடு குறைந்துகொண்டே வருகிறது. ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், எண்டோஸ்கோப்பி எதிலும் ஒன்றும் இல்லை. கேட்டால் வயிற்றுவலி என்கிறான். "குண்டாகிவிடுவோம்னு பயமான்னு கேட்டேன், இல்லைன்னு சொல்லிட்டான். அப்போ ஈட்டிங் டிஸார்டர் இல்லைதானே அக்கா?" என்று முடித்திருந்தாய்.

ஈட்டிங் டிஸார்டர், அதாவது உணவுக் கோளாறு பற்றி உன்னைப் போலவே பலரும் இதைக் கேட்பதால் பதிலைப் பொதுவிலேயே எழுதுகிறேன். பையனை அடையாளம் காட்டும் எதுவும் இதில் இருக்காது. எடை, கலோரி எண்களையும் எழுத மாட்டேன். இந்த நோயோடு மல்லுக்கட்டுகிறவர்களும் படிப்பார்கள். அந்த எண்கள் அவர்களுக்கு இலக்காக மாறிவிடும்.

17 வயதுப் பிள்ளையிடம் கேட்க வேண்டியதை நீ 11 வயதுப் பிள்ளையிடம் கேட்டிருக்கிறாய். உணவை ஒதுக்கி உடம்பை மெலியவைக்கும் உணவுக் கோளாறுதான் அனோரெக்ஸியா. நம் எல்லோர் மனதிலும் அதற்கு ஒரே படம்தான்: கண்ணாடி முன்னால் நின்று "நான் குண்டு" என்று சொல்லும் மெலிந்த பெண். அப்படிப்பட்ட பெண்களும் வருகிறார்கள்தான். ஆனால் நோய் எந்த வயதில் தொடங்குகிறதோ, அதற்கேற்ப அதன் முகம் மாறுகிறது. சின்ன வயதில் அது பெரும்பாலும் உடம்பின் மொழியில்தான் பேசும். வயிறு வலிக்குது, குமட்டுது, தொண்டையில் அடைக்குது, பசியே இல்லை. பயம் இருந்தாலும் அதைப் பிரித்துப் பெயர் சொல்கிற அளவுக்கு அந்த வயதில் சிந்தனை வளர்ந்திருக்காது.

பிரிட்டனிலும் அயர்லாந்திலும் 13 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளிடம் உணவுக் கோளாறு எவ்வளவு இருக்கிறது என்று குழந்தை மருத்துவர்கள், மனநல மருத்துவர்கள் வழியாகக் கணக்கெடுத்து 2011-இல் வெளியிட்டார்கள். ஆண்டுக்கு லட்சத்துக்குச் சுமார் 3 பேர். எண்ணிக்கை குறைவுதான். ஆனால் அவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் எடை குறைந்து, உணவை உறுதியாகத் தவிர்த்தும், எடை பற்றியோ உருவம் பற்றியோ கவலை எதுவும் காட்டவில்லை. அளவுமீறிச் சாப்பிட்டுவிட்டு வாந்தி போன்ற வழிகளில் அதை ஈடுகட்டும் புலிமியா அந்தக் கூட்டத்தில் மிக அரிது. உன் பையன் "இல்லை" என்று சொன்னதை இந்தப் பின்னணியில் வைத்துப் பார்.

2013-இல் மனநோய்களை வரையறுக்கும் அமெரிக்கக் கையேடான டிஎஸ்எம்-5 வந்தபோது செய்த மாற்றங்கள் இந்த வயதுக்காகவே செய்தவை போல எனக்குப் படும். அதற்கு முன் 'எடை கூடிவிடும் என்ற பயம்' இருந்தே ஆக வேண்டும். இப்போது பயத்தை வாயால் சொல்லாவிட்டாலும், எடை கூட விடாமல் தடுக்கும் நடத்தை தொடர்ந்து இருந்தால் போதும். மாதவிடாய் நிற்க வேண்டும் என்ற நிபந்தனையும் போய்விட்டது. பூப்படையாத சிறுமிக்கும் பையனுக்கும் அது எப்படிப் பொருந்தும்? இவ்வளவு காலம் அதை வைத்திருந்ததே ஆச்சரியம்.

எனவே அவன் வாயால் சொல்வதை விட்டுவிட்டு நடத்தையைப் பார். சாப்பாட்டுத் தட்டைக் கவனிக்கச் சொல்லி அம்மாவிடம் கேள். ஒரு வாய்க்குரியதை எட்டாகப் பிய்க்கிறானா? தட்டின் ஓரமாகவே தள்ளிக்கொண்டு போகிறானா? வீட்டுப்பாடத்தை நின்றுகொண்டே எழுதுகிறானா? மாடிப்படியில் காரணமில்லாமல் ஏறி இறங்குகிறானா? மற்றவர்கள் சாப்பிடுவதை உன்னிப்பாகப் பார்த்துக்கொண்டு, தம்பி தங்கைக்கு மட்டும் அள்ளி வைக்கிறானா? தண்ணீரையும் குறைத்துவிட்டானா? இந்தக் கடைசிக் கேள்வியை மறந்துவிடாதே. பெரியவர்கள் பெரும்பாலும் சாப்பாட்டை மட்டும் நிறுத்துவார்கள். சின்னப் பிள்ளைகளில் சிலர் தண்ணீரையும் நிறுத்திவிடுவார்கள். உடம்பில் கொழுப்புச் சேமிப்பும் குறைவு என்பதால் அவர்கள் சட்டென்று மோசமாகிவிடுவார்கள்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. இந்த நடத்தைகளில் பாதி, நோயால் வருவதா பட்டினியால் வருவதா என்று பிரிக்கவே முடியாது. 1944-45இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் நடத்திய சோதனையில், உடலும் மனமும் ஆரோக்கியமாக இருந்த 36 ஆண்கள் ஆறு மாதம் அரைப்பட்டினி கிடந்தார்கள். அவர்களும் சாப்பாட்டை மணிக்கணக்கில் இழுத்தார்கள், சமையல் குறிப்புகளைச் சேகரித்தார்கள், எரிச்சலும் சோர்வுமாக ஆனார்கள். ஆகவே பையன் சிடுசிடுப்பாக இருக்கிறான், நண்பர்களோடு சேர்வதில்லை என்பதை வைத்து உடனே மனச்சோர்வு என்று எழுதிவிடாதே. முதலில் சாப்பாடு ஏறட்டும்.

அடுத்தது வளர்ச்சி வரைபடம். உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் சொல்கிறேன். வளர்கிற பிள்ளைக்கு எடை குறையவே வேண்டாம். கூட வேண்டிய அளவு கூடாமல் இருந்தாலே அது இழப்புதான். பள்ளியில் சேர்ந்த காலத்திலிருந்து உள்ள பழைய அளவுகளை எல்லாம் வாங்கி ஒரே தாளில் புள்ளி வை. ஆண்டுக்கணக்கில் ஒரே கோட்டில் ஏறிக்கொண்டிருந்த எடை, ஒரு இடத்தில் படுக்கத் தொடங்கியிருக்கும். உயரக் கோடு சில மாதம் கழித்து அதைப் பின்பற்றும். அந்த வளைவு எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டு அம்மாவிடம் தேதியைச் சொல். "அப்போதான் வகுப்பு மாறினான்", "அப்போதான் ஓட்டப் பயிற்சி ஆரம்பிச்சான்" என்று ஏதாவது வரும். அந்த வயதில் நோய் வந்தால் எலும்பும் உயரமும் பருவ வளர்ச்சியும் நடுவழியில் நிற்கும். எலும்பின் உச்ச அடர்த்தியில் பெரும்பகுதி 20 வயதுக்குள் சேர்ந்துவிடுகிறது என்பதால், அங்கே விட்டதைப் பின்னால் பிடிப்பது கடினம். முப்பதில் தொடங்குகிறவருக்கு இந்த இழப்பு இப்படி வராது.

பையன் என்பதாலும் நீ தயங்கியிருப்பாய். தயங்காதே. 1689-இல் ரிச்சர்ட் மார்ட்டன் என்ற ஆங்கிலேய மருத்துவர், காரணம் புரியாமல் மெலிந்துபோகும் நோயை விவரித்தபோது சொன்ன இரண்டு நோயாளிகளில் ஒருவர் 16 வயதுப் பையன். தொடங்கும் வயது குறையக் குறைய, நோயாளிகளில் பையன்களின் பங்கு கூடுகிறது. பருவம் வந்த பிறகுதான் பெண்கள் பக்கம் தராசு இவ்வளவு சாய்கிறது. பெண் இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகளில், உணவுக் கோளாறு அறிகுறிகளில் பூப்புக்கு முன் மரபணுவின் பங்கு ஏறக்குறைய ஒன்றுமில்லை, பின்னர் பாதியளவு என்று வந்தது. ஹார்மோன்கள் ஏதோ ஒன்றைத் திறந்துவிடுகின்றன என்று அதற்கு விளக்கம் சொல்கிறார்கள்.

ஆர்ஃபிட் (ARFID) என்ற, உணவைத் தவிர்க்கும் இன்னொரு கோளாறையும் மனதில் வை. அதுவும் டிஎஸ்எம்-5இல் வந்ததுதான். சாப்பாட்டின் வழவழப்பு, வாசனை பிடிக்காமல், அல்லது ஒரு முறை தொண்டையில் சிக்கிய பயத்தில், அல்லது சாப்பாட்டில் ஆர்வமே இல்லாமல் ஒதுக்குகிறவர்கள். பெரும்பாலும் சின்ன வயதிலேயே தொடங்கும், அனோரெக்ஸியாவைவிட இதில் பையன்களின் பங்கு அதிகம், உடல் உருவம் பற்றிய கவலை அதில் இல்லை. உன் பையன் ஒதுக்குவது எதை என்று பார். பிடிக்காததை மட்டும் ஒதுக்குகிறானா, முன்பு ஆசை ஆசையாய்ச் சாப்பிட்டதையும் சேர்த்தா? இரண்டாவது என்றால் எனக்குச் சந்தேகம் அனோரெக்ஸியா பக்கம்தான் போகும். மாதங்கள் போகப் போக ஒன்று இன்னொன்றாக மாறுவதும் உண்டு. அதனால் முதல் நாளே பெயர் வைத்து முடித்துவிடாதே.

சரி, வயது ஏறினால் என்ன ஆகிறது? பதின்ம வயதின் பிற்பகுதியில் தொடங்குகிறவர்களிடம் அளவுமீறிச் சாப்பிடுவதும், வாந்தி எடுப்பதும், பேதி மாத்திரையும் அதிகம் வருகின்றன. 2007-இல் வெளியான அமெரிக்கக் கணக்கெடுப்பில், நோய் தொடங்கிய வயதின் நடுமதிப்பு அனோரெக்ஸியாவுக்கும் புலிமியாவுக்கும் 18, ஈடுகட்டாமல் அளவுமீறிச் சாப்பிடும் பிஞ்ச் ஈட்டிங்குக்கு 21. அளவுமீறிச் சாப்பிட்டு வாந்தி எடுப்பவர்களில் பலருக்கு எடை பார்க்கச் சாதாரணமாகவே இருக்கும். பல்லும், கன்னத்து உமிழ்நீர்ச் சுரப்பியும், ரத்தத்தில் பொட்டாசியமும்தான் காட்டிக்கொடுக்கும். மனச்சோர்வு, போதைப் பழக்கம், தன்னைக் காயப்படுத்திக்கொள்வது இவையும் இந்தப் பக்கம்தான் அதிகம் சேர்ந்து வரும். வெட்கத்தால் ஆண்டுக்கணக்கில் மறைத்துவிட்டு வருவார்கள். நாற்பதைத் தாண்டி முதல் முறையாக வருகிறவரிடம் உடல்நோய்களை இருமடங்கு கவனமாகத் தேடு. அப்புறம் பழைய கதையைக் கேள். பலருக்கு அது இளமையில் தொடங்கி, அடங்கி, மறுபடி தலைதூக்கியதாகவே இருக்கும்.

இங்கேதான் நான் உன்னிடம் வலியுறுத்த நினைப்பது வருகிறது. கேஸ் ஷீட்டில் நாம் 'தொடங்கிய வயது' என்று ஒரே ஓர் எண்ணை எழுதுகிறோம். எது தொடக்கம்? ஒரு உணவை முதலில் விட்ட நாளா, எடை இறங்கிய நாளா, முதல் வாந்தியா, டாக்டரிடம் வந்த நாளா? ஒவ்வொன்றுக்கும் இடையில் ஆண்டுகள் இருக்கலாம். லண்டனில் மனநல மருத்துவர் ஜெரால்ட் ரஸ்ஸல் 1979-இல் புலிமியாவைத் தனி நோயாக விவரித்தபோது, அவர் எழுதிய 30 நோயாளிகளில் பெரும்பாலானவர்களுக்கு முன்பே அனோரெக்ஸியா இருந்திருந்தது. 14 வயதில் ஒன்று, 19 வயதில் இன்னொன்று என்று இரண்டு நோயாக எழுதினால் ஒரே கதையை நடுவில் வெட்டியதாகிவிடும். ஆகவே ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கேட்டு எழுது. "எந்த வருஷம்" என்று கேட்டால் யாருக்கும் நினைவு வராது. "அப்போ எந்த வகுப்பு, எந்த டீச்சர்" என்று கேட்டால் வந்துவிடும்.

இன்னொரு குழப்பமும் இதில் இருக்கிறது. 25 வயதில் வரும் ஒருவர் 12-இல் தொடங்கியவர் என்றால், அவர் சுமப்பது இளவயதுத் தொடக்கத்தின் விளைவா, 13 ஆண்டு நோயின் விளைவா? ஆய்வுகள் பலவற்றில் இந்த இரண்டும் பின்னிக்கிடக்கின்றன. "சின்ன வயதில் வந்தால் மோசம்" என்று ஒரு கட்டுரையும், "சின்ன வயதில் வந்தால் நல்லா குணமாகும்" என்று இன்னொன்றும் வருவதற்கு இதுவும் ஒரு காரணம். பெற்றோரிடம் இரண்டையும் சொல்லாதே. சிகிச்சை இல்லாமல் கழியும் காலம் நல்லதல்ல என்பதை மட்டும் தைரியமாகச் சொல்லலாம்.

சிகிச்சைக்கு வருகிறேன். லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் ரஸ்ஸலும் குழுவும் 80 நோயாளிகளைக் குடும்ப சிகிச்சை, தனிநபர் சிகிச்சை என்று பிரித்துப் பார்த்து 1987-இல் வெளியிட்டார்கள். மொத்தமாகப் பார்த்தால் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் 18 வயதுக்குள் நோய் தொடங்கி, மூன்று ஆண்டு தாண்டாதவர்களுக்குக் குடும்ப சிகிச்சை தெளிவாகக் கைகொடுத்தது. ஐந்து ஆண்டு கழித்துப் பார்த்தபோதும் அந்தப் பலன் நின்றது. பிந்தித் தொடங்கியவர்களிடம் அப்படி இல்லை. பார், வந்த வயதை அல்ல, தொடங்கிய வயதையும் கால அளவையும் வைத்துத்தான் பிரித்தார்கள். இன்று பிள்ளைகளுக்கு முதலில் பரிந்துரைக்கும் முறை அங்கிருந்து வளர்ந்ததுதான்: சாப்பாட்டுப் பொறுப்பைச் சில காலம் பெற்றோர் முழுதாக எடுத்துக்கொள்வது. உன் பையனின் அம்மா "நான் என்ன தப்பு செஞ்சேன்" என்று கேட்டிருப்பார். தப்பைத் தேட வேண்டாம், இந்தச் சிகிச்சையில் மருந்தே நீங்கள்தான் என்று சொல்.

நாளைக்கே கூப்பிடு. படுத்த நிலையிலும் எழுந்து நின்ற பிறகும் நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம் இரண்டையும் எடு. கை கால் குளிர்ந்திருக்கிறதா பார். ஈசிஜி, பொட்டாசியம், பாஸ்பேட் அனுப்பு. பகலில் விழித்திருக்கும்போதே துடிப்பு 50-க்குக் கீழே இருந்தாலோ, தண்ணீரும் குடிக்காமல் இருந்தாலோ வார்டில் சேர்த்துவிடு. ரத்தப் பரிசோதனை சரியாக இருக்கிறதே என்று ஆறுதல் கொள்ளாதே, இந்த நோயில் அது கடைசிவரை சரியாகவே இருக்கலாம். சேர்த்த பிறகு சாப்பாட்டை ஏற்றும் முதல் வாரத்தில் ரத்தத்தில் பாஸ்பேட் சரியலாம், தினமும் பார். அந்த வளர்ச்சி வரைபடத்தைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு. இரவு பத்து மணி வரை போன் எடுப்பேன்.

அன்புடன்,
அக்கா